தண்டனைக்கு ஒரு தோட்டம்

அந்த நாளிதழின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன், மறு முனையைப் பெரியம்மா பிடித்திருந்தார். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு அப்போதெல்லாம் பேப்பரில்தான் வரும். பேர் வராது, நம்பர் மட்டும் பொடிப்பொடியாகப் பக்கம் பக்கமாக இருக்கும். பெரியப்பா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, பேனா மூடியால் ஒவ்வொரு நம்பராகத் தொட்டுக்கொண்டே இறங்கினார். அவருடைய ஒரே மகனான அண்ணன் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தான். மூடி ஓரிடத்தில் நின்றது. அவனுக்கு முந்தின நம்பர் இருந்தது, பிந்தின நம்பரும் இருந்தது, அவனுடையது இல்லை. பெரியப்பா இன்னும் இரண்டு தடவை பார்த்தார். பிறகு பேப்பரை எங்கள் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துவிட்டு, கதவைப் பார்த்துச் சொன்னார். "நாளைக்குக் காலைல ஜீப்புல ஏறிக்க. மலைக்குப் போ." பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

ஏன் அழுதார் என்பதைச் சொல்லவேண்டும். அப்பாவும் பெரியப்பாவும் போடியில் ஒரே வீட்டில் கூட்டுக்குடும்பமாக இருந்தார்கள். போடிமெட்டைத் தாண்டி மலையில் பன்னிரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் இருந்தது. நாங்கள் தின்ற சோறு, போட்ட சட்டை, படித்த படிப்பு எல்லாம் அந்தத் தோட்டம் தந்ததுதான். ஆனால் அந்த வீட்டில் பிள்ளைகளுக்கான ஆகப் பெரிய தண்டனையும் அதே தோட்டம்தான். காலாண்டுத் தேர்வில் ஒரு பாடம் போனால் ஒரு சனிக்கிழமை மலைக்குப் போகவேண்டும். இரண்டு பாடம் போனால் இரண்டு சனிக்கிழமை. அதுவும் முதலாளி வீட்டுப் பிள்ளை என்று முன்சீட்டில் உட்கார முடியாது. காய் எடுக்கப்போகும் பெண்களோடு பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு போகவேண்டும். பெண்பிள்ளைகளுக்கு அந்தத் தண்டனைகூடக் கிடையாது. தோட்டத்தைப் பார்க்கும் ஆசையில் ஒருமுறை நான் வேண்டுமென்றே கணக்கில் பத்தொன்பது வாங்கிப் பார்த்தேன். "பொட்டப்பிள்ளைக்கு மலை எதுக்கு? அட்டை கடிக்கும்" என்று சொல்லிவிட்டு, பெரியப்பா என்னை வாய்ப்பாடு எழுதவைத்தார்.

பெரியப்பா கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் யாரையும் அடித்ததில்லை. தோட்டத்தில் வேலை செய்தவர்கள் வீட்டு விசேஷம் எதையும் அவர் தவறவிட்டதில்லை. ஏலச்செடியை அவரைப்போல் தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் இல்லை. தூரைப் பார்த்தே அடுத்த எடுப்புக்கு எவ்வளவு காய் தேறும் என்று சொல்வார். அப்படிப்பட்ட ஒருவருக்குத் தன் தொழிலைக் குற்றவாளிகளை அனுப்பிவைக்கும் இடமாகத்தான் பிள்ளைகளுக்குக் காட்டத் தெரிந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மறுநாள் விடியற்காலையில் அண்ணன் போனான். தட்டிக்கழிக்க முடியாத தண்டனை. மறுதேர்வு வரைக்கும் மூன்று மாதத்துக்கு மேல் மலையிலேயே இருக்கவேண்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வரலாம். ஜீப்பில் அவன் எதிரில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருத்தி, பக்கத்து ஊரான தேவாரத்துக்காரி, அவன் பைக்கட்டைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டாளாம். பரீட்சையில் தோற்றதற்குத் தண்டனையாக அப்பா அனுப்புகிறார் என்று இவன் மறைக்காமல் சொல்லியிருக்கிறான். அந்த அக்கா சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். "ஒங்கள தண்டனைக்கு அனுப்புறாக, சரி. நாங்க என்ன தம்பி குத்தம் செஞ்சோம், தெனமும் போறோம்?" முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது அண்ணன் என்னிடம் சொன்ன முதல் விஷயம் இதுதான். சொல்லிவிட்டு அவன் சிரிக்கவில்லை.

இரண்டாவது வாரம் வந்தபோது கால் முழுக்க அட்டைக்கடி. பெரியம்மா மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டே பெரியப்பாவை முணுமுணுவென்று ஏசினார். மூன்றாவது வாரத்திலிருந்து அவன் பேச்சு மாறியது. காய் செடியின் உச்சியில் காய்க்காது, தூரடியில் மண்ணை ஒட்டிப் படரும் சரத்தில்தான் காய்க்கும், குனிந்து உட்காராமல் ஒரு காய்கூட எடுக்க முடியாது என்றெல்லாம் சொன்னான். பழுத்து வெடிக்கப்போகிற காய்க்கும் இன்னும் நாலுநாள் பொறுக்கவேண்டிய காய்க்கும் வித்தியாசத்தை விரலால் தொட்டுச் சொல்லமுடிகிறது என்றான். தோட்டத்தின் கீழ்க்கோடியில் பள்ளமாக ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு மழைக்கும் அங்கே அழுகல் நோய் விழும். அது அந்த இடத்தின் தலையெழுத்து என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அண்ணன் மழையில் அங்கேயே உட்கார்ந்து தண்ணீர் எந்தப் பக்கம் வருகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்திருக்கிறான். மேல்பக்கம் பாறைக்குப் பின்னால் பழைய வடிகால் ஒன்று மண் மூடிக் கிடந்திருக்கிறது. இரண்டு ஆட்களோடு சேர்ந்து அதைத் தோண்டித் திறந்துவிட்டான். அந்த வருஷம் பள்ளத்தில் அழுகல் பாதிக்கும் கீழே குறைந்தது. பெரியப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டு இலையில் கையை வைத்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னார். "பய வடிகாலத் தொறந்து விட்டிருக்கான்டா. எனக்கு முப்பது வருசமாத் தோணல." அண்ணன் அடுத்த அறையில்தான் இருந்தான், அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுதேர்வு வந்தது. போடிக்கு இறங்கிவந்து எழுதினான். முடித்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தான். "யார்ட்டயும் சொல்லாத பாப்பா. வெத்துத் தாளக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"ஏண்ணே, தெரியலையா?"

"தெரியும். வாத்தியாரு சொன்ன கணக்குத்தான் பாதி வந்துச்சு. பாஸாயிட்டா அப்பா கீழ எறக்கிருவாருல்ல."

எனக்குப் பதின்மூன்று வயது. அவன் சொன்னதன் கனம் எனக்குப் புரியவில்லை, வேடிக்கையாகத்தான் இருந்தது. அவன் அப்பாவிடம் போய், தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கலாமே என்று இப்போது நீங்கள் நினைக்கலாம். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்க வழி கிடையாது. ஜெயிலில் இருப்பவன் இன்னும் கொஞ்சநாள் இருந்துகொள்கிறேன் என்று கேட்கமுடியுமா? தோற்றால்தான் தோட்டம். அதனால் அந்தப் பிள்ளை உட்கார்ந்து, நிதானமாக, தெரிந்த கணக்கை எழுதாமல் தோற்றான்.

முடிவு வந்தது. மறுபடியும் நம்பர் இல்லை. பெரியப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். அண்ணன் அதற்கு முந்தின நாளே பையைக் கட்டிவைத்துவிட்டான். மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். வீடே எழவு வீடு மாதிரி இருந்தது. அதைக் கலகலப்பாக்குகிறேன் என்று நான்தான் வாயைத் திறந்தேன். "அண்ணனுக்குச் சந்தோசந்தான் பெரியப்பா. மலைக்குப் போகணும்னுதான வெத்துத் தாளக் குடுத்துச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

பெரியப்பா கோபப்படவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "தண்டனை ருசிச்சுப்போச்சுன்னா அது தண்டனை இல்லடா" என்றார். மறுநாள் காலையில் மலைக்குக் கட்டிய அதே பையோடு அவனை மதுரை பஸ்ஸில் ஏற்றினார். மழைக்குத் தலையில் போட வைத்திருந்த பிளாஸ்டிக் சாக்கையும் அட்டைக்கு வைத்திருந்த புகையிலையையும் பெரியம்மா பையிலிருந்து எடுத்து வெளியே வைத்தார். மதுரையில் தனிப்பயிற்சிக் கல்லூரி ஒன்று, அதை ஒட்டியே ஹாஸ்டல். போகும்போது அவன் என்னோடு பேசவில்லை. பிறகு இரண்டு வருஷம் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவன் எல்லோரும் மெச்சும்படி ஆனான். பத்தாவது தேறினான், பாலிடெக்னிக் படித்தான், ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சேர்ந்தான். பெண் பார்க்கப் போனபோது பெண்வீட்டார் முதலில் கேட்டது தோட்டம் எத்தனை ஏக்கர் என்று. அடுத்ததாகக் கேட்டது, மாப்பிள்ளை தோட்டத்துக்கு வந்துவிடமாட்டாரே என்று. பெரியப்பா மார்பில் கைவைத்து வாக்குக் கொடுத்தார். தோட்டம் வேண்டும், தோட்டக்காரன் வேண்டாம். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் பெண் எடுத்தாலும் கொடுத்தாலும் இதுதான் பேச்சு. நம்ப மறுப்பவர்கள் போடியில் ஒரு முகூர்த்த நாளில் எந்தக் கல்யாண மண்டபத்திலாவது உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்கட்டும். நாற்பது வயதில் அண்ணன் ஒருமுறை, தோட்டத்துக்கு வந்துவிடவா என்று துணிந்து கேட்டான். "இப்ப நீ வந்தேன்னா, வேலைல தோத்துட்டு வந்துட்டான்னு ஊரு பேசும்" என்று பெரியப்பா முடித்துவிட்டார். வயதாகித் தன்னால் மலையேற முடியாமல் போனதும், தோட்டத்தை மலைமேல் இருந்த ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டார். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சென்ற வருஷம் ஊரில் விவசாயிகள் கூட்டம் ஒன்று நடந்தது. எண்பத்திரண்டு வயதான பெரியப்பாவுக்கு முன்னோடி விவசாயி என்று ஏலக்காய் மாலை போட்டு மரியாதை செய்தார்கள். அதற்காக அண்ணன் ஓசூரிலிருந்து வந்திருந்தான். நானும் அவனும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மேடையில் அதிகாரி ஒருவர், இளைஞர்கள் ஏன் விவசாயத்துக்கு வருவதில்லை என்று நீளமாகப் பேசினார். செல்போன் காரணமாம், சினிமா காரணமாம், நகரத்து மோகம் காரணமாம். எங்கள் அண்ணன் வெற்றுத் தாளைக் கொடுத்த வருஷத்தில் எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில்தான் டெலிபோன் இருந்தது. பிறகு பெரியப்பா மைக்கைப் பிடித்தார். "எனக்கு அப்புறம் தோட்டத்தப் பாக்க ஆளில்ல. இந்தக் காலத்துப் பிள்ளைக கையில மண்ணு ஒட்டக்கூடாதுன்னு நெனக்கிதுக" என்று சொல்லும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் உச்சுக்கொட்டியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐம்பத்தொரு வயது இந்தக் காலத்துப் பிள்ளை, மடியில் வைத்திருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எழுந்துபோய் அந்த மைக்கைப் பிடுங்கலாம் போல இருந்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

விவசாயத்தை விட்டுப் போகிறவர்களுக்கு நியாயமான காரணங்கள் இல்லாமல் இல்லை. ஏலக்காய் விலை இன்றைக்கு ஏறும், நாளைக்கு விழும். மழை தப்பும். மருந்தடித்து மருந்தடித்து நுரையீரல் கெட்டவர்களை எனக்குத் தெரியும். தேவாரம் பக்கம் விளைந்து நிற்கும் காட்டில் ஒரே ராத்திரியில் யானை புகுந்துவிட்டுப் போகிறது. இதையெல்லாம் பார்த்துப் பயந்து போகிற பிள்ளையை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் இதையெல்லாம் பார்த்த பிறகும் வருகிறேன் என்று நிற்கிற பிள்ளையை வாசலில் மறித்துத் திருப்பியனுப்பியவர்கள் நாங்கள். நாங்கள் என்றுதான் சொல்கிறேன். நான் பள்ளிக்கூடத்து டீச்சர். இருபத்தைந்து வருஷத்தில் எத்தனை பிள்ளைகளிடம், "ஒழுங்காப் படி, இல்லேன்னா ஜீப்புல ஏறிக் காய் எடுக்கத்தான் போவ" என்று சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒருமுறை அதைச் சொல்லும்போது, இரண்டாவது பெஞ்சில் இருந்த பிள்ளை தலையைக் கவிழ்த்துக்கொண்டது. அதன் அம்மா தினமும் அந்த ஜீப்பில் போகிறவள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நான் பாதியில் நிறுத்தவில்லை, வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தேன்.

கூட்டம் முடிந்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். பெரியப்பா இன்னும் மாலையைக் கழற்றவில்லை, வீடெல்லாம் ஏலக்காய் மணம். என்னால் பொறுக்கமுடியவில்லை. "பெரியப்பா, மேடையில அழுதீகளே, அது பொய்தான?" என்று கேட்டுவிட்டேன். பெரியம்மா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "பொய்யில்ல ஆத்தா. பிள்ளைக யாரும் வரலேங்கிற வருத்தம் எனக்கு இருக்கு."

"அண்ணே வர்றேன்னுச்சே. நீங்கதான விடல."

"அவன ஏன் விடணும்?" என்றார் பெரியப்பா. "ஊர்ப்பிள்ளைக வரணும்னுதான் சொன்னேன். எம்பிள்ளையப் போயி அந்தக் கஷ்டத்துல தள்ளுவேனா?"

அவர் அதைக் கள்ளத்தனமாகச் சொல்லவில்லை. நெஞ்சார நம்பிச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மேடையில் பேசிய அதிகாரியின் மகன் எங்கே இருக்கிறான், உச்சுக்கொட்டியவர்களின் மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்று வரிசையாக எனக்குத் தெரியும். விவசாயத்துக்கு இளைஞர்கள் வரவேண்டும் என்று பேசுகிற ஒவ்வொருவரும் அடுத்த வீட்டுப் பிள்ளையைத்தான் கூப்பிடுகிறார்கள். சோறு வேண்டும், ஆனால் யாரோ பெற்ற பிள்ளை சேற்றில் இறங்கவேண்டும்.

அண்ணன் சாப்பிட்டு முடித்து இலையை மூடினான். "எனக்கு அம்பத்தொண்ணு ஆச்சுப்பா" என்றான். "எம் பொண்ணு படிச்சு முடிச்சிட்டா. கம்பெனியில விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கேட்டிருக்காங்க. என்னைய ஒங்க பிள்ளையா நெனைக்கவேணாம். ஊர்ப்பிள்ளை யாரோ ஒருத்தன் வந்து கேக்குறதா நெனச்சு, அந்தத் தோட்டத்தக் குடுங்க."

பெரியப்பா எழுந்து கைகழுவப் போய்விட்டார். மூன்று நாள் அண்ணனோடு பேசவில்லை. நாலாவது நாள் அவனைக் கூப்பிட்டு, குத்தகை ஆடியோடு முடிகிறது, எடுத்துக்கொள் என்றார். கூடவே ஒரு நிபந்தனை. "ஊர்ல யாருக்கும் தெரியவேணாம். நீ வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல கம்பெனிச் சோலி பாக்குறேன்னு நான் சொல்லிக்கிறேன்."

அதைத்தான் சொல்லிக்கொண்டும் இருக்கிறார். முடிவெட்டும் கடையில், கோயிலில், கல்யாண வீட்டில் என்று கேட்கிற இடத்திலெல்லாம் என் பெரியப்பா, மாலை வாங்கிய முன்னோடி விவசாயி, தன் மகன் விவசாயம் பார்ப்பதை ஊருக்கு மறைத்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் விடியுமுன் டிவிஎஸ்ஸில் மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் போய், வண்டியை அங்கே நிறுத்திவிட்டு ஜீப்பில் ஏறுகிறான். வீட்டு வாசலில் ஏறினால் நாலு பேர் பார்த்துவிடுவார்களாம். அதற்கும் அவன் சரி என்று தலையாட்டிவிட்டான். "தோட்டம் கெடச்சிருச்சுல்ல, விடு பாப்பா" என்கிறான். அவனுக்குத் தோட்டம் ஒன்றும் வெல்லக்கட்டியாகக் கிடைக்கவில்லை. குத்தகைக்காரர் செடியைக் கவனிக்காமல் விட்டிருந்தார், முதல் மழையிலேயே நிறையத் தூர் அழுகிவிட்டது. முதுகு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுத்திருந்தான். படுத்தபடியே வடிகாலைப் பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

போன வாரம் பஜாரில் மளிகை வாங்கப் போனேன். கடைக்காரர் எங்கள் குடும்பத்தை நாற்பது வருஷமாக அறிந்தவர். பருப்பை நிறுத்துக்கொண்டே விசாரித்தார். "அண்ணன் ஊரோட வந்துட்டாராம்ல டீச்சர். வீட்டுல இருந்தே கம்பெனி வேலை பாக்குறாராம், பெரியவரு பெருமையாச் சொன்னாக."

எனக்குச் சுருக்கென்றது. யாருடைய நிபந்தனைக்கும் நான் கட்டுப்பட்டவள் இல்லை. "இல்லண்ணே. கம்பெனிக்குக் கும்பிடு போட்டாச்சு. எங்க ஏலத்தோட்டத்த அண்ணன்தான் பாக்குது. தெனமும் ஜீப்புல மலைக்குப் போகுது" என்று கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

கடைக்காரர் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டார். சாமான் வாங்க நின்றவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். நல்ல மனுஷர், மெய்யான வருத்தத்தோடுதான் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அடப் பாவமே. வேலையவிட்டு எடுத்துட்டாங்களா டீச்சர்?"